பெரிய ரிவால்வரின் கைப்பிடி: வலிக்கும் இடத்தை வைத்து வடிவத்தைத் தேர்வது

.44 மேக்னமோ அதைவிடப் பெரிய தோட்டாவோ போட்ட ரிவால்வரைச் சுட்டுவிட்டுக் கையை உதறுபவர்கள், "தோட்டா ரொம்ப வலுவானது" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பல சமயம் குற்றம் தோட்டாவில் இல்லை, கைப்பிடியின் வடிவத்தில் இருக்கிறது. அதே தோட்டாவை, ஏறக்குறைய அதே எடையுள்ள வேறொரு ரிவால்வரில் போட்டுச் சுடுங்கள். வலி இடம் மாறும், சிலருக்கு வலியே இருக்காது. ஆகவே "எந்தக் கைப்பிடி நல்லது?" என்று கேட்பதைவிட "எனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்பது பயன் தரும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து போகிறது.

எதைச் சரிபார்க்கும் முன்பும் சிலிண்டரில் (தோட்டா போடும் உருளை) ஆறு அறையையும் (சிலவற்றில் ஐந்துதான்) கண்ணால் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறொரு ரூமில் வையுங்கள்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எது?

கைப்பிடி என்றால் இரண்டு பாகம். உள்ளே இருக்கும் உலோகம் கிரிப் ஃபிரேம். அதன் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மரமோ ரப்பரோ பக்கத் துண்டு. பக்கத் துண்டைச் சில நிமிடத்தில் மாற்றலாம். கிரிப் ஃபிரேமை மாற்றுவது பெரிய வேலை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வீண் செலவு பாதி குறையும்.

சிங்கிள் ஆக்‌ஷன் வகையில் (தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹாமரை ஒவ்வொரு முறையும் பெருவிரலால் இழுத்து வைத்துச் சுடுவது) மூன்று வடிவங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் பிடி. அதன் வளைவு 1851 நேவி மாடலிலிருந்து வந்தது. கலப்பையின் மேழியைப் போல் கீழே வளைந்து இறங்கும், முதுகில் எந்த முண்டும் இல்லை. இங்கே அதை மேழிப் பிடி என்றே சொல்கிறேன். ரூகர் நிறுவனம் 1955இல் கொண்டுவந்த பிளாக்ஹாக்கும் இந்தக் குடும்பம்தான். இரண்டாவது, 1959இல் வந்த சூப்பர் பிளாக்ஹாக்கின் பிடி. பழைய கோல்ட் டிராகூனை நினைவூட்டும்படி சற்று நீளமாக, விசைக் காப்பின் (விரலால் இழுக்கும் விசையைச் சுற்றியுள்ள வளையம்) பின்பக்கம் சதுரமாக இருக்கும். அதனால் டிராகூன் பிடி என்று பெயர். குட்டைக் குழல் சூப்பர் பிளாக்ஹாக்குகள் வட்டக் காப்போடு வருகின்றன, ஆகவே பெயரை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள். மூன்றாவது பிஸ்லி.

பிஸ்லியில் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் சர்ரே பகுதியிலுள்ள பிஸ்லி சுடுதளத்தின் பெயரில் கோல்ட் 1894இல் ஒரு இலக்குப் போட்டி மாடலைக் கொண்டுவந்தது. 1980களின் நடுவில் ரூகர் அதே பெயரை எடுத்துக்கொண்டது, ஆனால் உருவம் அதே இல்லை. அது 1920களின் கடைசியில் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் தனக்காகச் செய்வித்த ஐந்தாம் எண் ரிவால்வரின் பிடிக்கு நெருக்கமானது. பழைய கோல்ட் பிஸ்லியைப் பிடித்துப் பார்த்துவிட்டு "பிஸ்லி எனக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டும் கையில் வேறு வேறு உணர்வு. இந்தக் கட்டுரையில் பிஸ்லி என்றால் ரூகர் பிஸ்லி.

டபுள் ஆக்‌ஷன் வகையில் (விசையை இழுத்தாலே ஹாமரும் தானே இழுபட்டுச் சுடுவது) ஸ்மித் அண்ட் வெஸனின் N ஃபிரேமுக்கு (அந்த நிறுவனத்தின் ஒரு பெரிய அளவு உடல்), முதுகின் மேல்பகுதியில் ஒரு முண்டு இருக்கும், அடிப்பகுதி பழையவற்றில் சதுரம், புதியவற்றில் வட்டம். ரூகர் ரெட்ஹாக்கில் (1979) முழு உலோகக் கிரிப் ஃபிரேம் இருக்கிறது. 1987இல் வந்த சூப்பர் ரெட்ஹாக்கில் கிரிப் ஃபிரேம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை, ஒரு முளை மட்டும்தான். அந்த முளையைச் சுற்றி என்ன வடிவம் வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம்.

துப்பறிய இரண்டு எளிய சோதனை

சுண்ணக்கட்டியைப் பொடித்துக் கைப்பிடியில் மெலிதாகத் தடவுங்கள். வழக்கம்போல் பிடித்து, விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். வெள்ளை படாத இடம் காற்றில் நிற்கிறது என்று பொருள். அங்கே தாங்காத உதையெல்லாம் (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது) வெள்ளை பட்ட இடத்தில் போய்க் குவியும்.

அடுத்து, சுடுதளத்தில் துப்பாக்கியைப் பிடித்த நிலையில், பெருவிரலும் சுட்டுவிரலும் பிரியும் கவையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதே உயரத்தில் கைப்பிடியின் முதுகில் ஒட்டிய காகித நாடாவிலும் கோடு போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். கையை அசைக்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு இரண்டு கோடும் எவ்வளவு விலகின என்று பாருங்கள். விலகவில்லை என்றால் துப்பாக்கி கையோடு சேர்ந்து போகிறது. விரல் அகலம் விலகினால் துப்பாக்கி கைக்குள் உருளுகிறது. உருளுவது எப்போதும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். மேழிப் பிடி உருளுவதற்காகவே அப்படி வளைந்திருக்கிறது.

அறிகுறி: நடுவிரல் முட்டியில் அடி விழுகிறது

பெரிய சிங்கிள் ஆக்‌ஷன்களில் இதுதான் அதிகம் கேட்கும் புகார். சுட்ட கணத்தில் விசைக் காப்பின் பின்பக்கம் நடுவிரலின் முட்டியைத் தட்டுகிறது. மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு விரல் தானே சுருங்க ஆரம்பிக்கும், அதன்பின் எந்தப் பயிற்சியும் பயன்படாது.

காரணம் இது. குழல் கைக்கு மேலே இருக்கிறது. தோட்டா முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே வருவதோடு வாய்ப்பக்கம் மேலே சுழலவும் செய்கிறது. முதுகில் தடுக்க ஒன்றும் இல்லாததால் கைப்பிடி உள்ளங்கையில் கீழிறங்கும் திசையில் வழுக்குகிறது, காப்பு பின்னால் வருகிறது. வட்டக் காப்பு விரலை ஒட்டி நழுவும். சதுரக் காப்பின் மூலை நேராக முட்டியில் இடிக்கும். நான் பழகிய ஒரு .44இல் இந்த இடி தாங்காமல் முதலில் தோட்டாவின் வலுவைக் குறைத்தேன். குறைத்தும் வலி போகவில்லை, மெதுவாக வந்தது, அவ்வளவுதான். வடிவம் தவறாக இருந்தால் தோட்டாவை மாற்றுவது பாதித் தீர்வே என்று அன்று புரிந்தது.

இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் பிடியைக் கீழே இறக்குங்கள். நடுவிரலுக்கும் காப்புக்கும் நடுவே ஒரு தாள் போகும் அளவுக்கு இடம் விட்டு, சுண்டுவிரலைக் கைப்பிடியின் அடியில் மடித்து வையுங்கள். மேழிப் பிடிக்கு இது பழைய வழக்கம், குட்டைப் பிடியில் மிக நன்றாக வேலை செய்கிறது. அது போதவில்லை என்றால், காப்புக்குப் பின்னால் உள்ள குழியை நிரப்பும் பக்கத் துண்டைப் போடுங்கள். ரப்பர் துண்டுகள் பலவற்றில் அந்த நிரப்பு கூடவே வரும். நடுவிரல் அப்போது காப்புக்குக் கீழே தள்ளி உட்காரும். இரண்டும் பலிக்கவில்லை என்றால்தான் வட்டக் காப்புள்ள ஃபிரேமோ பிஸ்லியோ. பிஸ்லியில் காப்புக்குப் பின்னால் இடம் தாராளம், முதுகும் நேராக உயர்ந்து நிற்பதால் துப்பாக்கி உருளுவது குறைவு. முட்டி இடிக்கு பிஸ்லி பெரும்பாலும் முழுத் தீர்வு.

அறிகுறி: ஹாமர் பெருவிரலின் பின்பக்கத்தை அல்லது கவையைக் கீறுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். உருளல் அளவு மீறிவிட்டது. கோட்டுச் சோதனையில் இடைவெளி பெரிதாகத் தெரியும். உருளும் துப்பாக்கியின் ஹாமர் வால் நேராகக் கையை நோக்கி வரும். மிதமான தோட்டாக்களுக்கு இந்த உருளல் வரம்தான், ஏனென்றால் ஹாமர் பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து அடுத்த சுற்றுக்கு இழுக்க வசதியாக நிற்கும். உதை கூடக் கூட அதே வசதி காயமாகிவிடுகிறது.

இங்கே பலர் செய்யும் தவறு, உருளலைத் தடுக்க மேழிப் பிடியில் ஒட்டும் ரப்பரைப் போடுவது. ரப்பர் தோலைப் பிடித்துக்கொள்ளும், துப்பாக்கியோ வளைவின் காரணமாக உருளத்தான் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் தோல் இழுபடும். மேழிப் பிடியில் வழவழப்பான மரம் வைத்து உருள விடுங்கள், அல்லது உருளவே விடாத வடிவத்துக்குப் போங்கள். நடுவழி இங்கே சரிப்படுவதில்லை. கூர்மையான சதுரக் கோடு செதுக்கிய மரத்துக்கும் இதே கதிதான், அது உள்ளங்கையை அரம் போல் தேய்க்கும்.

பிஸ்லியில் முதுகு ஹாமருக்குப் பின்னால் மேலே ஏறி நிற்கிறது, ஹாமரின் வாலும் தாழ்வாக வளைந்திருக்கிறது. கவை அந்த முதுகுக்குக் கீழே பூட்டிக்கொள்ளும். .475 லைன்பா, .500 லைன்பா போன்ற மிகப் பெரிய தோட்டாக்களுக்கு மாற்றிக் கட்டும் ரிவால்வர்களில் பெரும்பாலும் பிஸ்லிப் பிடியையே பார்ப்பதற்கு இதுதான் காரணம். .454 கசல் தோட்டாவுக்காக 1983இல் வந்த ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வரின் பிடி இன்னொரு வழியில் போகிறது. அது மேழியின் உறவுதான், ஆனால் அளவோடு உருளும்படி திருத்திய வடிவம். பிஸ்லி பிடிக்காதவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கிறது, கையின் தோலில் ஒன்றுமில்லை

பிஸ்லிக்கு மாறிய பின் வரும் புகார் இது. உருளாத துப்பாக்கி தன் உதையை எங்கே கொடுக்கும்? நேராகப் பின்னால், மணிக்கட்டுக்கும் முன்னங்கைக்கும். மேழிப் பிடியில் உருளலிலும் வாய்ப்பக்கம் எழும்புவதிலும் போன உதை இப்போது மூட்டுகளுக்கு வருகிறது. உள்ளங்கைக்கு இதம், மூட்டுக்குச் சுமை. பிஸ்லியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

முழங்கையை இறுகப் பூட்டிச் சுடுகிறீர்களா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை சற்றே மடங்கியிருந்தால் தோள் வரை உதை பரவும். ஏற்கெனவே மூட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு என் கருத்து: மிதமான தோட்டாவும் வழவழப்பான மேழிப் பிடியும். விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு சுட்ட பிறகும் தொடர்ந்தால் வடிவத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது நரம்பின் எச்சரிக்கை.

அறிகுறி: பெருவிரலின் அடியில் ஒரே புள்ளியில் கன்றிப்போகிறது

டபுள் ஆக்‌ஷன்காரர்கள் இங்கே கவனியுங்கள். முதுகின் மேலுள்ள முண்டு கை மேலே ஏறாமல் தடுக்க வைத்தது. பெரிய உதையில் அதே முண்டு சுத்தியல் போல் ஒரே இடத்தில் அடிக்கும். சுண்ணப் பொடி சோதனையில் முண்டுக்குக் கீழே ஒரு வெற்றிடம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதுகை மூடும் ரப்பர்ப் பிடி அந்த வெற்றிடத்தை நிரப்பும். ஸ்மித் அண்ட் வெஸன் 2003இல் .500 மேக்னம் தோட்டாவோடு கொண்டுவந்த, இன்னும் பெரிய உடலான எக்ஸ் ஃபிரேமுக்கான பிடி அப்படி முதுகை மூடுவதுதான். அந்த நிறுவனத்தின் வட்ட அடி கொண்ட மற்ற ஃபிரேம்களிலும் பலர் அதையே போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் முதுகை மூடினால் கைப்பிடி முன்பின்னாகத் தடிக்கும், விசைக்கு விரல் எட்டும் தூரம் கூடும். சிறிய கைக்காரர்களுக்கு இது அடுத்த அறிகுறியைக் கொண்டுவரும்.

அறிகுறி: விரல் விசையை எட்டவில்லை, அல்லது குண்டுகள் ஒரே பக்கம் சாய்கின்றன

குழல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்து, சுட்டுவிரல் விசையில் எங்கே படுகிறது என்று பாருங்கள். நுனி மட்டும் பட்டால் பிடி உங்களுக்குத் தடிமன். முதல் மடிப்பையும் தாண்டிப் போனால் மெலிவு. எட்டுவதற்காகக் கையைச் சுற்றிப் பிடித்தால் உதை பெருவிரலின் எலும்பு மூட்டில் வந்து விழும், இலக்கிலும் குண்டு பக்கவாட்டில் போகும். டபுள் ஆக்‌ஷனில் விசை முன்னால் நிற்கும்போது அளந்து பாருங்கள், ஹாமரை இழுத்து வைத்துவிட்டு அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

தடிமனாக இருந்தால் முதுகு திறந்த, மெல்லிய பக்கத் துண்டு. மெலிவாக இருந்தால் உள்ளங்கைப் பக்கம் புடைத்த துண்டு. இதற்கெல்லாம் ஃபிரேம் மாற்ற வேண்டாம்.

அறிகுறி: சுண்டுவிரலுக்கு இடமில்லை

மேழிப் பிடியில் இது கோளாறே இல்லை, அடியில் மடியுங்கள். அது பிடிக்காவிட்டால் நீளமான டிராகூன் ஃபிரேம் அல்லது பிஸ்லி.

அறிகுறி: இரட்டை வெடி

இது வலி இல்லை, ஆபத்து. மிகப் பெரிய டபுள் ஆக்‌ஷன்களில் பிடி கைக்குப் பொருந்தாமல் தளர்ந்திருந்தால், உதையில் பின்னால் போன துப்பாக்கி திரும்ப முன்னால் வரும்போது விசையில் இருக்கும் விரல் சுடுபவர் அறியாமலே இன்னொரு முறை இழுத்துவிடும். அப்போது குழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே புதிய கைப்பிடியையோ புதிய ஆளையோ சோதிக்கும்போது சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். பத்துச் சுற்று அப்படிப் போன பிறகு இரண்டு போடலாம். இந்த இடத்தில் அவசரப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

அறிகுறி: ஃபிரேமை மாற்றிய பிறகு புதுக் கோளாறுகள்

ரூகர் கிரிப் ஃபிரேம் ஒரே துண்டு, ஐந்து திருகில் நிற்கிறது. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் பிஸ்லி ஃபிரேமை மட்டும் வாங்கி மாட்டினால் பழைய ஹாமர் முழுத் தூரம் வராது, முதுகின் உயரத்தில் முட்டிக்கொள்ளும். பிஸ்லி ஹாமர், விசை, பக்கத் துண்டு எல்லாம் கூடவே வேண்டும். தொழிற்சாலையில் ஃபிரேமும் உடலும் சேர்த்தே தேய்த்து மெருகிடப்படுவதால் வேறு ஃபிரேம் வந்து உட்காரும்போது இணைப்பில் படி தட்டும், கூரான விளிம்பு தோலை அறுக்கும். அந்த விளிம்பை "கைப்பிடி வடிவம் சரியில்லை" என்று தவறாகப் படித்துவிடாதீர்கள்.

ஃபிரேமைக் கழற்றும்போது ஹாமரை இழுத்து, மெயின் ஸ்பிரிங் தண்டிலுள்ள துளையில் ஒரு ஊசியைச் செருகி ஸ்பிரிங்கை அடக்கிக்கொள்ள வேண்டும். சிறு ஸ்பிரிங்குகள் தெறித்துத் தொலையும் இடமும் இதுதான். மாட்டிய பின் காலி அறைகளோடு பாருங்கள்: ஹாமர் எங்கும் உரசாமல் முழுமையாக வருகிறதா, விசை காப்பில் முட்டுகிறதா, விசையை இழுத்துப் பிடிக்கும்போது டிரான்ஸ்ஃபர் பார் (விசையை இழுத்தால் மட்டும் ஹாமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் பட்டை) மேலே நிற்கிறதா. 1973க்கு முந்தைய மாற்றப்படாத ரூகர்களில் அந்தப் பார் கிடையாது, ஹாமரைக் காலி அறையின் மேல் இறக்கி வைத்துத்தான் அவற்றைக் கொண்டுபோக வேண்டும். இவற்றில் எது சந்தேகமாக இருந்தாலும் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள்.

இரும்பு ஃபிரேமா அலுமினியமா என்பதையும் பாருங்கள். பல பிளாக்ஹாக்குகளில் கிரிப் ஃபிரேம் அலுமினியம். அதை இரும்பாக மாற்றினாலே துப்பாக்கியின் எடை கூடி உதை தணியும். வடிவம் பிடித்து உதை மட்டும் அதிகமாகத் தோன்றுபவர்களுக்கு இது நல்ல வழி.

அறிகுறி: பக்கத் துண்டு ஆடுகிறது, தோலைக் கிள்ளுகிறது

திருகை இறுக்கிக்கொண்டே போனால் மரம் வெடிக்கும். கழற்றி, அடியிலுள்ள நிலைமுளையின் துளை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் துண்டை மாற்றுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லை

அப்போதுதான் தோட்டாவின் முறை. .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் போகும், .454 கசலில் .45 கோல்ட் போகும், .475 லைன்பாவில் .480 ரூகர் போகும். மிதமானதைக் கொண்டு நூறு சுற்று சுட்டு, மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். கோடு விலகும் அளவும் சுண்ணம் படும் இடமும் அமைதியாகத் தெரியும், விரல் சுருங்காததால் பதில் நேர்மையாக வரும். குட்டைத் தோட்டா நிறையச் சுட்டபின் அறைக்குள் கரி வளையம் படியும். நீளத் தோட்டாவுக்குத் திரும்பும் முன் அதைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் தோட்டா முழுதாக உள்ளே போகாது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடும் வெளியே வர அடம்பிடிக்கும்.